பட்டாளத்துக்காரர் ஆண்டால் நாடு உருப்படுமா?

ராயபுரம் கல்மண்டபத்து டீக்கடையானாலும் சரி, திருவொற்றியூர் தேரடி பஸ் ஸ்டாப்பானாலும் சரி, அரசியல் பேச்சு சூடாகிவிட்டால் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தைச் சொல்லாமல் விடமாட்டார். "நாட்டை ஒரு அஞ்சு வருஷம் மிலிட்டரி கைல குடுத்துப் பாருங்க... எல்லாம் தானா வழிக்கு வரும்." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். குப்பை அள்ளாததில் ஆரம்பித்து லஞ்சம் வரைக்கும் எல்லா வியாதிக்கும் இந்த ஒரே மாத்திரைதான். கூடவே இன்னொன்றும் வரும். "சண்டைன்னா என்னன்னு சண்டை போட்டவனுக்குத்தான் தெரியும். அவன் சொன்னா கேட்டுக்கணும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சரிவருமா வராதா என்று யாரும் கற்பனை செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் இருந்து கப்பல் கிளம்பினால் சில நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிற ஒரு நாடு இதை நிஜமாகவே செய்து பார்த்துவிட்டது. 20 வருடம் ராணுவத்தில் இருந்தவர், போர்முனையில் நின்றவர், பிறகு மேலே உட்கார்ந்து ஒரு போரை நடத்தி ஜெயித்தும் காட்டியவர். அவரையே அந்த நாடு ஜனாதிபதி ஆக்கியது. இரண்டு வருடம் எட்டு மாதத்தில் அவர் விமானப்படை விமானத்தில் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று.

பெயர் கோத்தபய ராஜபக்ச.

இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ் வாசிப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு மட்டும் நின்றுவிட்டால், அவர் வாழ்க்கையில் இருக்கிற ஒரு முக்கியமான கேள்வி கைநழுவிப் போய்விடும். போரை நேரில் பார்த்த ஒருவருக்குப் போரின் விலை தெரிந்திருக்கும் என்று உலகம் முழுக்க நம்புகிறார்கள். அவருக்கு அது தெரிந்திருந்ததா?

முதலில் அவருடைய சர்வீஸ் ரெக்கார்டைப் பார்ப்போம். குறைத்துச் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம்.

1949-ல் பிறந்தவர். 1971 ஏப்ரலில், ஜே.வி.பி.யின் முதல் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், பயிற்சி அதிகாரியாக இலங்கை ராணுவத்தில் சேர்ந்தார். சிக்னல் பிரிவில் ஆரம்பித்து கடைசியில் கஜபா ரெஜிமென்ட்டுக்கு வந்தார். பாகிஸ்தானில் பயிற்சி. இந்தியாவிலும் பயிற்சி. இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் வருகிறது. 1983-ல் அவர் படித்தது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் அதிகாரிகள் கல்லூரியில். அந்தப் படிப்புக்கு எம்.எஸ்சி. பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகம்! பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் பி.காம். முடிப்பவர் வாங்கும் சான்றிதழில் இருக்கிற அதே முத்திரை.

அதே 1983 ஜூலையில்தான் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அகதிகள் தமிழ்நாட்டுக்கு வர ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். எண்ணூர் தாண்டி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம், இந்தப் பக்கம் புழலில் ஒரு முகாம். அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்ட ஒரு தலைமுறை இன்றைக்கு இருக்கிறது.

1987 மே, ஜூனில் நடந்த வடமராட்சி நடவடிக்கையில் கோத்தபய நேரடியாகப் பங்கெடுத்தார். வீர விருதுகளும் வாங்கியிருக்கிறார். 1989-ல், ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலத்தில், மாத்தளை மாவட்டத்தின் ராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரியாக இருந்தார். அந்தக் கிளர்ச்சியில் செத்ததும் காணாமல் போனதும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் என்பதைத் தமிழ்நாட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். 1991-ல், 42 வயதில், லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் துறை. 1998-ல் அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சட்டக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் வேலை. 2003-ல் அமெரிக்கக் குடியுரிமை.

ஆக, போலி வீரர் இல்லை. மேடையில் மட்டும் கத்தி சுற்றியவரும் இல்லை. குண்டு சத்தம் கேட்டவர்தான். டீக்கடை வசனம் கேட்கிற எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது.

2005 நவம்பரில் அண்ணன் மகிந்த ஜனாதிபதியானதும் தம்பி பாதுகாப்புச் செயலாளர் ஆனார். 2006 டிசம்பரில் கொழும்பில் அவருடைய வாகன அணிவகுப்பின் மீது புலிகள் தற்கொலைத் தாக்குதல் நடத்தினார்கள். உயிர் தப்பினார். நார்வே ஏற்பாட்டில் 2002-ல் வந்த போர் நிறுத்தத்தை 2008 ஜனவரியில் அரசு அதிகாரப்பூர்வமாகவே முறித்தது. 2009 மே 18, 19-ல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள், பால்சோறு கொடுத்தார்கள்.

இந்த வெற்றிக்கு அவர் கொடுத்த கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2009 மே மாதக் கடைசியில் அவரே அறிவித்தார். நாலாம் கட்டப் போரில் இறந்த படையினர் 6,261 பேர், காயமடைந்தவர்கள் 29,551 பேர். ஒற்றை இலக்கம் வரைக்கும் துல்லியமான கணக்கு. சொந்த ஆட்களை எண்ணிப் பார்த்த ஒரு அதிகாரியின் கணக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் பொதுமக்கள் பத்தியில் என்ன போட்டிருந்தார்கள்? பூஜ்யம். பொதுமக்கள் ஒருவருக்கும் சேதம் இல்லாமல் போர் நடத்துகிறோம் என்பதுதான் அரசின் வாதமாக இருந்தது. 2011-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. அதே குழு, புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் சேர்த்தேதான் எழுதியது. இரண்டு பக்கத்துக் குற்றமும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் சாவை ஒற்றை இலக்கம் வரை எண்ணத் தெரிந்த கைக்கு, இன்னொரு பக்கம் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்பதுதான் விஷயம்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். கணக்குப்பதிவியலில் இறுதிக் கணக்கு போடும்போது "கொடுபட வேண்டிய செலவு" என்று ஒன்று வரும். டிசம்பர் மாத வாடகை இன்னும் கொடுக்கவில்லை, ஆனால் அது டிசம்பர் மாதத்துச் செலவுதான். அதைக் காட்டாமல் கணக்கை முடித்தால் லாபம் கொழுத்துத் தெரியும். அடுத்த வருடம் வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் அது லாபமே இல்லை என்று தெரியவரும். போர் ஜெயித்தவர்கள் போடுகிற கணக்கு பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்குதான். துப்பாக்கி, குண்டு, சம்பளம் எல்லாம் வந்துவிடும். கொடுபட வேண்டியது மட்டும் வராது.

போர் பற்றி கோத்தபயவுக்கு இருந்த பார்வையும் இந்தக் கணக்கை ஒட்டியதுதான். 2009 பிப்ரவரியில், புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது பற்றி பிரிட்டன் தொலைக்காட்சி ஒன்று கேட்டபோது, அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே எது இருந்தாலும் அது தாக்கத்தக்க இலக்குதான் என்ற பொருளில் பதில் சொன்னார். 2020 ஜனவரியில், ஜனாதிபதியான பிறகு, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். 2017-ல் இருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ரோட்டோரம் பந்தல் போட்டு, மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு வந்த பதில் அவ்வளவுதான். எப்படி இறந்தார்கள், யார் பொறுப்பு, உடல் எங்கே... ஒன்றும் கிடையாது. 2020 மார்ச்சில், மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட ராணுவ வீரருக்கு மன்னிப்பு கொடுத்தார். மே மாதம் போர் வெற்றி விழாவில், படையினரைக் குறிவைக்கிற எந்தச் சர்வதேச அமைப்பில் இருந்தும் விலகத் தயங்க மாட்டேன் என்றார்.

அவர் பார்வையில் போர் என்பது ஒரு பக்கமாக மட்டும் படிக்கிற பேரேடு. வரவு எல்லாம் வெற்றி. பற்றுப் பக்கம் கேள்வி கேட்கிறவன் துரோகி.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. "போர் முடிந்ததா இல்லையா? பஸ்ஸில் குண்டு வெடிப்பது நின்றதா இல்லையா?" நின்றது. அது சின்ன விஷயம் இல்லை. போர் நடந்தால் ஒரு நாட்டின் வியாபாரம் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஒன்றே போதும். அந்த ஜூலையில் புலிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாக்கி விமானங்களை எரித்தார்கள். உடனே லண்டன் இன்சூரன்ஸ் சந்தை இலங்கைக்குப் போகிற கப்பலுக்கும் விமானத்துக்கும் போர் ஆபத்து பிரீமியத்தை ஏற்றியது. கொழும்பு துறைமுகம் தள்ளாடியது. சுதந்திரம் அடைந்த பிறகு முதல் தடவையாக அந்த வருடம் இலங்கைப் பொருளாதாரம் வளராமல் சுருங்கியது. அடுத்த வருடமே போர் நிறுத்தம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எனவே போர் முடிய வேண்டும் என்று சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஏங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் போர் முடிந்த பிறகும் போர் முடியவில்லையே! அதுதான் கேள்வி. 2009-க்குப் பிறகும் பாதுகாப்புச் செலவு இறங்கவில்லை. ராணுவம் வடக்கில் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோட்டம் போட்டது, ஹோட்டல் நடத்தியது. நகர அபிவிருத்தியும் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொழும்பு அழகானது உண்மை. நடைபாதை எல்லாம் பளிச்சென்று ஆனது. ஆனால் நடைபாதை போடுவதற்கும் ராணுவம்தான் வேண்டும் என்று ஒரு நாடு பழகிக்கொண்டது.

இந்தப் பழக்கம்தான் 2019-ல் அவரை ஜனாதிபதி ஆக்கியது. அந்த ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில நாட்களிலேயே கோத்தபய, தான் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். மக்கள் பயந்திருந்தார்கள். பயந்தவர்களுக்குச் சீருடை தெய்வமாகத் தெரியும். நவம்பரில் 52 சதவீத வாக்கு, சுமார் 69 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கல்மண்டபத்து வசனம் சிங்களத்தில் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நடந்ததுதான் பாடம்.

பாதுகாப்புச் செயலாளர் பதவிக்கு முன்னாள் ஜெனரல். கொரோனா கட்டுப்பாட்டு மையத்துக்குத் தலைவர் ராணுவத் தளபதி. ஒழுக்கமான சமுதாயத்தைக் கட்டுவதற்கு என்று ஒரு ஜனாதிபதி செயலணி, அதில் இருந்தது முழுக்கப் படை, போலீஸ் அதிகாரிகள். ஆர்டர் போட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை. ராணுவத்தில் நடக்கும். ஒரு மேட்டைப் பிடி என்றால் பிடிப்பார்கள். ஆனால் பொருளாதாரம் சல்யூட் அடிக்காதே!

பதவிக்கு வந்த உடனே மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்தில் இருந்து 8 சதவீதமாக வெட்டினார். அரசின் வருமானம் விழுந்தது. 2021 ஏப்ரலில் இன்னொரு உத்தரவு. ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நாடு முழுக்க இயற்கை விவசாயம். இயற்கை விவசாயம் நல்லதுதான், ஆனால் ஒரே சீசனில் ஒரே உத்தரவில் மாற்று என்பது ராணுவ முகாமில்தான் நடக்கும். வயல் கேட்கவில்லை. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவோடு இருந்த நாட்டில் விளைச்சல் சரிந்தது, வெளியில் இருந்து அரிசி வாங்க வேண்டிய நிலை வந்தது. நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கொரோனாவால் டூரிஸ்ட் வரவில்லை, பழைய கடன் கழுத்தை நெரித்தது. இதற்கெல்லாம் அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரித்தவர்கள் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்கு அவர்தான் காரணம். 2019 கடைசியில் 760 கோடி டாலர் அளவுக்கு இருந்த அந்நியச் செலாவணி கையிருப்பில், 2022 மே மாதம் செலவழிக்கக்கூடியதாக மிஞ்சியது 5 கோடி டாலருக்கும் குறைவு என்று நிதியமைச்சரே சொன்னார். அதற்கு முன்னாடியே, ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்துவிட்டது. மொத்த வெளிக்கடன் 5,100 கோடி டாலர். பெட்ரோலுக்குக் கியூவில் நின்றே சிலர் செத்தார்கள். பேப்பர் வாங்க டாலர் இல்லாததால் மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சை தள்ளிப்போனது. மாணவர்களே, யோசித்துப் பாருங்கள்... கேள்வித்தாள் அடிக்கப் பேப்பர் இல்லை!

2022 ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 2019-ல் அவருக்கே ஓட்டுப் போட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். 13-ந் தேதி மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர். 14-ந் தேதி ராஜினாமா. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், இந்தப் பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பானவர்களில் ராஜபக்ச சகோதரர்களும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அவரோ 2024 மார்ச்சில் ஒரு புத்தகம் எழுதி, தன்னை இறக்கியது வெளிநாட்டுச் சதி என்றார். கடைசி வரைக்கும் எதிரி வெளியில்தான் இருந்தான்.

இதற்கெல்லாம் வடசென்னைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் துறைமுகத்தில் இருக்கிறது.

போர் முடிவெடுப்பது தலைநகரத்தில். ஆனால் அது முதலில் வந்து இறங்குவது துறைமுகத்தில். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டதே, அது எரித்தது துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளை. ஐரோப்பாவில் யாரோ எடுத்த முடிவுக்கு ஜார்ஜ் டவுன்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சு மட்டும் மிச்சம் இருக்கிறது.

1990 மார்ச்சில் இன்னொரு வரவு. கோத்தபய பங்கெடுத்த அதே வடமராட்சி நடவடிக்கையைத் தொடர்ந்துதான் இந்தியா 1987 ஜூன் 4-ல் விமானத்தில் இருந்து உணவு போட்டது. ஜூலை 29-ல் ஒப்பந்தம். பிறகு அமைதிப்படை போனது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்ட பாடு தனிக்கதை. கடைசிப் படையினர் திரிகோணமலையில் இருந்து கப்பலேறி சென்னைத் துறைமுகம் வந்தபோது, அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. போனவர்களும் தோற்கவில்லை, வந்தவர்களும் ஜெயிக்கவில்லை. என்ன கணக்கு அது?

மூன்றாவது 2022. அந்த வருடம் மார்ச்சிலேயே, பசி தாங்காமல் இலங்கைத் தமிழர்கள் குழந்தை குட்டிகளோடு படகேறி தனுஷ்கோடியில் வந்து இறங்க ஆரம்பித்திருந்தார்கள். 1983-ல் குண்டுக்குப் பயந்து வந்த அதே கடல் வழி. ஏப்ரல் 29-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள், 123 கோடி ரூபாய் மதிப்பு. முதல் கப்பலான டான் பின் 99-ல் 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து ஏறியது. சிங்களர், தமிழர், முஸ்லிம் என்று பிரிக்காமல் எல்லோருக்கும். முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து வைத்தது சென்னைத் துறைமுகத்தில்.

தேதி மே 18.

முள்ளிவாய்க்கால் நாள்! அதே நாளில், அந்தப் போரை நடத்தியவர் ஆண்டுகொண்டிருந்த நாட்டுக்குத் தமிழ்நாட்டில் இருந்து அரிசி போகிறது. 13 வருடத்துக்கு முன்னால் கணக்கில் காட்டாமல் விட்ட செலவுக்கு, அந்தச் செலவில் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு துறைமுகத்தில் மூட்டை ஏறுகிறது. அதைப் பழிவாங்கிய திருப்தியோடு பார்த்தவர்களும் உண்டு. ஆனால் பால் பவுடருக்குக் காத்திருந்த குழந்தைக்கு 2009-ல் நடந்த எதிலும் பங்கில்லை. பில் எப்போதும் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு வருவதில்லை.

சரி, அப்படியென்றால் ராணுவத்தில் இருந்தவர்கள் அரசியலுக்கே வரக்கூடாதா? அது இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசன்ஹோவர்தான், அமெரிக்க ஜனாதிபதியாக 1953-ல் ஒரு பேச்சில், ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலைக்கு 30-க்கும் மேற்பட்ட ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பொருளாதார வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று சொல்கிறார்களே, அதேதான். 1961-ல் விடைபெறும்போது ஆயுதக் கம்பெனிகளின் செல்வாக்கைப் பற்றி எச்சரித்துவிட்டும் போனார். இந்தியாவிலேயே, 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்து சண்டை நிறுத்தம் வந்தபோது, "ஏன் நிறுத்தினீர்கள்" என்று வெளியுறவுச் செயலாளரை இன்டர்நெட்டில் திட்டித் தீர்த்தார்கள் செல்போன் வீரர்கள். அப்போது, போர் என்பது சினிமா இல்லை, அதில் ரசிக்க ஒன்றுமில்லை என்று பொதுமேடையில் சொன்னவர் முன்னாள் ராணுவத் தளபதி நரவணே.

ஒரே சீருடைதான். ஒருவருக்கு விலையைக் கற்றுக்கொடுத்தது, இன்னொருவருக்கு ஜெயிப்பதை மட்டும் கற்றுக்கொடுத்தது. ஆகவே சர்வீஸ் ரெக்கார்டு என்பது தைரியத்துக்குச் சான்றிதழ். அனுபவத்துக்கும் சான்றிதழ். தீர்ப்புச் சொல்லும் தகுதிக்கு அது சான்றிதழ் ஆகாது. போர் பற்றிப் பேசுகிற தலைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "நீ எந்த ரெஜிமென்ட்?" என்பது இல்லை. "உன் கணக்கில் எதிர்ப் பக்கத்துச் சாவுக்கு ஒரு பத்தி இருக்கிறதா? ஜெயித்த மறுநாள் என்ன செய்வாய்? கேள்வி கேட்கிறவனை என்ன செய்வாய்?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவர் ராணுவத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கடைசியாக ஒரு விஷயம். 2023 ஜனவரியில் இலங்கை அரசு ஒரு முடிவை அறிவித்தது. 2,00,783 ஆக இருந்த தரைப்படையின் அளவை 2024-க்குள் 1,35,000 ஆகவும், 2030-க்குள் ஒரு லட்சமாகவும் குறைக்கப்போகிறோம் என்று. எந்தச் சமாதானப் பேச்சுவார்த்தையும், எந்த ஐ.நா. தீர்மானமும் செய்யாததைக் காலிக் கஜானா செய்தது. அந்தக் கணக்கை 2009-லேயே போட்டிருந்தால், பெட்ரோல் கியூவில் செத்தவர்கள் சிலராவது இன்று இருந்திருப்பார்கள். வவுனியா பந்தலில் பதில் தெரியாமலேயே கண்ணை மூடிய அம்மாக்களுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.